தண்ணீருக்குள் தேடுகிறவள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று மதியப் படகில் வந்து சேர்ந்தேன். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்ததைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, மாமா வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்றெல்லாம் கேட்க ஆசை. கேட்கிற தகுதி உனக்கில்லை என்பாய். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. நாலு மாதமாகப் பார்த்துவிட்டேன். கடிதமென்றால் குப்பையில் போடுவதற்காவது ஒரு தடவை கையில் எடுத்தாக வேண்டும். இங்கிருந்து செவ்வாயும் வெள்ளியும் தபால் படகு போகிறது.

லேபில் நீண்ட விடுப்பு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "இத்தனை நாளைக்கு ரத்தம் எடுக்க யாரும்மா இருக்கா?" என்றார். "ஊசி குத்துறதுக்கா டாக்டர் ஆள் கிடைக்காது?" என்றேன். மனுஷர் விடுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியும்.

வாண்டு தங்கியிருந்த அதே விடுதியில்தான் இருக்கிறேன். இருபத்துமூன்று வயதானாலும் உன் பிள்ளை எனக்கு வாண்டுதான். ஓர் அறையில் எட்டுக் கட்டில்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. எனக்கு மேல்கட்டில். முப்பத்தெட்டு வயதில் ஏணி ஏறிப் படுக்கிறேன். மற்ற ஏழு பேரும் ஆளையே மறைக்கிற முதுகுப்பையோடு ஊர் ஊராகச் சுற்றுகிற சின்னப் பெண்கள். வந்த அரைமணியில் எனக்கு "ஆன்ட்டி" என்று பெயர் விழுந்துவிட்டது. அவன் எதில் படுத்திருந்தான் என்று வரவேற்பில் கேட்டேன். எதிர் அறையில் ஜன்னலோரக் கீழ்க்கட்டிலாம். கதவு திறந்திருந்தபோது எட்டிப் பார்த்தேன். யாரோ ஒரு பையன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

போலீஸ் அதிகாரி முழுக் கோப்பையும் காட்டினார். நமக்கு அனுப்பியது அதன் சுருக்கம்தான். கரையிலிருந்து படகில் அரைமணி நேரம் போனால், கடலுக்கடியில் ஒரு பழைய சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. அதைப் பார்க்க ஆறு பேர் இறங்கியிருக்கிறார்கள். வழிகாட்டி முன்னால், நம் வாண்டு கடைசியில். மேலே வந்து எண்ணினால் ஐந்து பேர். மூன்று நாள் தேடியிருக்கிறார்கள். செப்டம்பரில் தண்ணீர் கலங்கியிருக்குமாம், நீட்டிய கையில் விரல் தெரியாதாம். "நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம்" என்று முடித்துவிட்டார்கள். அந்த "இருக்கலாம்" என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

கம்பெனிப் பயிற்சிக்குப் போகிறான் என்று அவனோடு சேர்ந்து நானும் உன்னிடம் பொய் சொன்னேன். டிக்கெட்டும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இதை உன் முகத்துக்கு நேரே நூறு தடவை சொல்லியாயிற்று. இப்போது எழுத்திலும் சொல்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் தங்கை


ஜனவரி 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. "மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவு மூடவில்லை, உருளை மாற்றப்பட்டது" என்று எழுதிப் பழகிய கை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை அக்கா குப்பையில் போடவில்லை. பிரிக்கவும் இல்லை. "நீங்களே வாசிங்க" என்று என்னிடம் நீட்டிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கினாள். நான் வாசித்து முடிக்கிறவரை ஒரே தட்டையே துலக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "மத்த தீவுங்கள்ல இருக்கிற ஆஸ்பத்திரியெல்லாம் போய்ப் பார்த்தாளான்னு கேளுங்க" என்றாள். உன்னைப் பற்றி அவள் ஒரு வாக்கியம் பேசியதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

கண்ணாடிக் கடைக்குப் போய் வருகிறாள். லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் கொஞ்சம் நிம்மதி போலிருக்கிறது.

பத்திரமாக இரு.

மாமா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டனுப்பியதே எனக்கு மருந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீ எப்படி என்று இந்தத் தடவை மாமா எழுதாமல் நீயே ஒரு வரி எழுதினால் தேவலை.

மூன்று தீவுகளுக்குப் போய் வந்தேன். ஐந்து ஆஸ்பத்திரிகள். வெள்ளைக் கோட்டைப் பையில் கொண்டுவந்தது நல்லதாயிற்று. அதைப் போட்டுக்கொண்டு போனால் வாசலில் யாரும் தடுப்பதில்லை. கடைசி ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னாள்: "பேரு தெரியாத ஆள் ஒருத்தர் அஞ்சு மாசமா கிடக்கார். பேச்சே இல்ல." அந்த வார்டின் நடைபாதை ஐம்பது அடி இருக்கும். அதை நடந்து முடிப்பதற்குள் உன்னிடம் போனில் என்ன சொல்வது என்று முழுவதும் யோசித்து வைத்துவிட்டேன். திரையை விலக்கினால் ஐம்பது வயது ஆள். யாரோ ஒரு மீனவராம், கடலில் மிதந்தவரைத் தூக்கி வந்தார்களாம். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவரும் யாரையோ எதிர்பார்த்திருக்கிறார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. இங்கே டைவிங் பள்ளியில் சேர்ந்திருக்கிறேன். அவன் படித்த அதே பள்ளி. அன்றைக்குக் கூட்டிப்போன வழிகாட்டி வேலையை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டான். பள்ளியை நடத்துகிறவள் ஒரு பெண். நம் வயதுதான். வெயிலில் காய்ந்து கறுத்த முகம், இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டாள். எனக்குள் அவளுக்கு வாத்தியாரம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன்.

எனக்குத் தண்ணீர் என்றால் எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும். வாளியில் தலையை விட்டாலே மூச்சு முட்டுகிற ஆள். முதல் நாள் பாடம் நீச்சல் குளத்தில், இடுப்பளவுத் தண்ணீரில். மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, அண்ணாந்து, மூக்கால் ஊதி அதை வெளியேற்ற வேண்டும். நான் மூக்கால் உறிஞ்சிவிட்டேன். பதினொரு தடவை. பக்கத்தில் நின்ற ஒட்டகச்சிவிங்கி (எங்கள் அறையில் இருக்கிற நெடுநெடு பெண்) தன் சோதனையெல்லாம் முடித்துவிட்டு எனக்காகக் கரையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள். "பயந்தா மேல வா. ஆனா மூச்சை மட்டும் அடக்காதே" என்றாள் வாத்தியாரம்மா. இங்கே முதல் சட்டமே அதுதான். என்ன ஆனாலும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏன் சேர்ந்தேன் என்று எழுதவில்லை. உனக்குத் தெரியும்.

தங்கை


பிப்ரவரி 20

இங்கே நலம் விசாரிக்க ஒன்றுமில்லை.

இந்தக் கடிதத்தை நானேதான் எழுதுகிறேன். அவர் எழுதினால் பூசி மெழுகிவிடுவார்.

நீ தண்ணீருக்குள் போய்த் தேடு என்று யார் சொன்னது? தண்ணீருக்குள் தேடுகிறவள், அவன் செத்துவிட்டான் என்று முடிவுகட்டியவள். நான் கட்டவில்லை. ஏதாவது படகு எடுத்துப் போயிருக்கும். தலையில் அடிபட்டு, தான் யார் என்று தெரியாமல் எங்கேயோ இருப்பான். உன் மீனவருக்கு நடந்தது அவனுக்கு நடக்காதா? அவனுக்குக் காது வலி வேறு. காது வலிக்கிறவன் ஆழத்துக்கு ஏன் போகப்போகிறான்? மேலேயே மிதந்திருப்பான், அடித்துக்கொண்டு போயிருக்கும்.

போட்டோ பிரதிகள் ஐம்பது அனுப்பியிருக்கிறேன். படகுத்துறை, மீன் ஏலக்கூடம், ஐஸ் தொழிற்சாலை, எல்லா இடத்திலும் ஒட்டு. இடது தாடையில் உள்ள தழும்பு தெரிகிற மாதிரி ஒட்டு. அதை ஒழுங்காகச் செய்.

அவனை அங்கே அனுப்பியவள் நீ. எனக்கு அவன் வேண்டும். உன் படிப்பு வேண்டாம்.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உள்ளே என்ன திட்டியிருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. திட்டிக்கொண்டே இரு. முதுகுவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா?

ஐம்பதும் ஒட்டியாகிவிட்டது. விடுதிப் பெண்கள் ஆளுக்குப் பத்தாக வாங்கிக்கொண்டு போனார்கள். இப்போது தெருவில் எங்கே திரும்பினாலும் அவன் சிரிக்கிறான். ரொட்டிக் கடைக்குப் போகக்கூடச் சுற்றுவழியில் போகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். காது வலி என்று எழுதியிருந்தாயே, அது உனக்கு எப்படித் தெரியும்? போலீஸ் கோப்பில் இல்லை. என்னிடம் அவன் சொல்லவில்லை. வாத்தியாரம்மாவுக்கும் தெரியாது. யாராவது எழுதினார்களா? தெரிந்தால் இங்கே விசாரிக்க உதவும்.

போன புதன்கிழமை முதன்முதலாகக் கடலில் இறங்கினேன். ஈய பெல்ட், முதுகில் சிலிண்டர், காலில் தவளைக்கால் மாதிரி ஃபின். படகின் விளிம்பில் உட்கார்ந்தபோது சந்தையில் கட்டிப்போட்ட வாத்து மாதிரி இருந்தேன். ஒவ்வொரு மீட்டர் இறங்கும்போதும் மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறக்க வேண்டும். பன்னிரண்டு மீட்டர். மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்தோம்.

அக்கா, அது நன்றாக இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. மேலே அண்ணாந்து பார்த்தால் வெயில் உடைந்து உடைந்து இறங்குகிறது. என் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ஐந்தாறு மாதமாக என் தலைக்குள் கத்திக்கொண்டிருந்த உன் குரல் அங்கே இல்லை. ஒரு நீல மீன் வந்து என் மாஸ்க் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றது. போவதற்கு முன்னால் அவன் ஏன் என்னிடம் அப்படிக் கெஞ்சினான் என்று புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

முப்பது மீட்டர் வரை இறங்குவதற்கான படிப்பு இன்னும் பாக்கி. கப்பலின் மேல்தளம் இருபத்தாறில் இருக்கிறது.

காது விஷயத்தை மறக்காமல் எழுது.

தங்கை


மார்ச் 29

அன்புள்ள பாப்பாவுக்கு,

எப்படி இருக்கிறாய்? மூன்றாம் தேதிக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எட்டுத் தபால் படகு வந்து போயிருக்கும். தெருவில் தபால்காரரைப் பார்த்தால் நானே எதிரே போய் நிற்கிறேன். அவர் இப்போதெல்லாம் தூரத்திலேயே தலையாட்டிவிடுகிறார்.

அக்கா வேலையை விட்டுவிட்டாள். ஒரு பெரியவருக்கு வலதுகண் லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிக் கொடுத்திருக்கிறாள். அவர் படியில் தடுக்கி விழப்பார்த்தாராம். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, இவளே எழுந்து வந்துவிட்டாள். இப்போது நாள் முழுக்க போன் பக்கத்தில் நாற்காலி. சாப்பாடு என்று பேருக்குக் கொறிக்கிறாள். புடவை தோளில் நிற்க மாட்டேனென்கிறது.

காது வலியைப் பற்றி நீ கேட்டிருந்ததை அவளிடம் வாசித்தேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுபடி கேட்டேன். "எனக்குத் தோணுச்சு, எழுதினேன்" என்றாள். அதற்குமேல் கேட்கிற முகமாக அது இல்லை.

எனக்கு ஒரு பிள்ளை போயிற்று. பெண்டாட்டி போய்க்கொண்டிருக்கிறாள். நீயும் பேசாமலிருந்தால் நான் யாரிடம் போவேன் சொல்லு. எனக்காவது எழுது. நான் வேலை செய்கிற பட்டறை முகவரிக்கு அனுப்பு.

மாமா


ஏப்ரல் 8

அன்புள்ள மாமாவுக்கு,

மன்னித்துக்கொள்ளுங்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தை அக்காவிடம் வாசிக்க வேண்டாம்.

மார்ச் பதினான்காம் தேதி நாலு பேராகப் பாறைத் திட்டுக்குப் போயிருந்தோம். எங்களுக்குப் பதினெட்டு மீட்டர்தான் அனுமதி. அந்தத் திட்டின் விளிம்பிலிருந்து கீழே பார்த்தால் கப்பல் தெரியும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. ஒரு நிழல் மாதிரி சாய்ந்து கிடந்தது. நான் யோசிக்கவே இல்லை. மிதக்க வைக்கிற காற்றுச் சட்டையிலிருந்து காற்றை விட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

முப்பத்துநாலு மீட்டர். அந்த ஆழத்தில் தலை லேசாகிவிடும், குடித்தவள் மாதிரி. எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. கப்பலின் பின்பக்கம் ஒரு கறுப்பு வாசல், அதில் சாய்ந்த இரும்புத் தகடு. அதன் இடுக்கில் கையை விட்டு, "வாடா, போதும்" என்று வாயில் குழாயைக் கடித்துக்கொண்டே சொன்னேன். காற்று எவ்வளவு இருக்கிறது என்று முள்ளைப் பார்த்தேன். எண் தெரிந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

வாத்தியாரம்மா பின்னால் வந்து சிலிண்டரோடு சேர்த்துப் பிடித்தாள். தன் இரண்டாவது குழாயை என் வாயில் திணித்தாள். ஆழத்திலிருந்து ஒரேயடியாக மேலே வரக்கூடாது என்று ஐந்து மீட்டரில் நிறுத்தி வைத்திருந்தபோது என் மாஸ்க்குக்குள் ரத்தம். படகில் ஏறியதும் சொன்னாள்:

"நீ செத்தா உனக்கு ஒண்ணுமில்ல. நான்தான் மறுபடியும் அதே வீட்டுக்குப் போன் பண்ணணும். என்னால முடியாது."

பத்து நாள் காய்ச்சலும் காது சீழுமாகக் கிடந்தேன். ஒட்டகச்சிவிங்கி தன் கீழ்க்கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு மேலே போய்க் காலை மடக்கிப் படுத்தாள். அவளுக்கு அடுத்த ஊர் போகிற படகு இருந்தது. அதையும் விட்டுவிட்டாள். நான் அவளிடம் ஒரு தடவைகூட வாண்டைப் பற்றிப் பேசியதில்லை. "தெருவுல ஒட்டியிருக்கே ஆன்ட்டி, தெரியாதா எனக்கு" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் மாமா. அன்றைக்கு நான் தேடத்தான் இறங்கினேனா, திரும்பி வரக்கூடாது என்று இறங்கினேனா, எனக்கே தெரியாது.

எழுந்து நடக்க முடிந்த அன்றே பள்ளிக்குப் போனேன். வாசலிலேயே வாத்தியாரம்மா "இங்கே உனக்கு இனிமே தண்ணி கிடையாது" என்றாள். சரியென்று, மற்றவர்கள் கழற்றிப் போட்ட ரப்பர் உடுப்புகளை நல்ல தண்ணீரில் அலசி, கொடியில் போட்டுவிட்டு வந்தேன். அதன் நாற்றம் இருக்கிறதே, ஊறின செருப்பைப் போல. அடுத்த நாளும் போனேன். பத்து நாளாகத் தினமும் போகிறேன். நேற்று தொட்டிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"தேடினப்போ பின்பக்கக் கிடங்குக்குள்ள யாரும் போகல. தகடு விழுந்திருந்துது, ஒண்ணும் தெரியல. இந்த மாசக் கடைசியில தண்ணி தெளியும். படிப்பை ஒழுங்கா முடி. நானும் என் கூட்டாளியும் உள்ளே போறோம். நீ வெளியே கயித்தோட முனையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். உள்ளே ஒரு சாண் வந்தாலும் அத்தோட நான் மேல வந்துடுவேன்."

ஒப்புக்கொண்டேன். அக்காவை எப்படியாவது சாப்பிட வையுங்கள்.

பாப்பா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் தைரியமாக இருக்க வேண்டும்.

வாண்டுக்கு ஞானப்பல் பிடுங்குவதற்கு முன்னால் வாய் முழுவதும் ஓர் எக்ஸ்ரே எடுத்தோமே, அது வீட்டில்தான் எங்காவது இருக்கும். தேடி எடுத்து, மடங்காமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பு. சீக்கிரம் அனுப்பு.

வேறொன்றும் இப்போது எழுதத் தெரியவில்லை.

தங்கை


மே 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம் என்று எழுதுவதற்கில்லை. நீ கேட்டது இத்துடன் இருக்கிறது.

நான் மேசை இழுப்பறையையெல்லாம் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா போன் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து போய், அலமாரி மேல்தட்டிலிருந்து நேராக எடுத்து வந்தாள். அட்டையையும் அவளே அளந்து வெட்டினாள். வைப்பதற்கு முன்னால் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பல்லு நல்ல வரிசை" என்றாள்.

மாமா


மே 22

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

அவன்தான். பல் டாக்டர் நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி காலையில் இறங்கினோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அவர்கள் இருவரும் தகட்டை நகர்த்திவிட்டு உள்ளே போனார்கள். நான் வெளியே கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கயிறு ஒரு தடவை இழுபட்டால் "நலம்", இரண்டு தடவை என்றால் "வெளியே வருகிறோம்", மூன்று தடவை என்றால் "கிடைத்தது". ஒன்பது நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு மூன்று தடவை இழுபட்டது. நான் உள்ளே போகவில்லை அக்கா. என் வாழ்க்கையில் நான் பிடிவாதமாகச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான், அந்த இடத்திலேயே நின்றது.

மறுநாள் போலீஸ் டைவர்கள் வந்து மேலே கொண்டுவந்தார்கள். நான் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று நீ என்னை ஒருபோதும் கேட்கக்கூடாது.

வேடிக்கை பார்க்க உள்ளே நுழைந்திருக்கிறான். தகடு விழுந்து வாசல் அடைத்துவிட்டது. வலித்திருக்குமா, பயந்திருப்பானா என்றுதான் நீ நினைப்பாய். யாரோ சொன்னதை வைத்து நான் எழுதவில்லை. அந்த ஆழத்துக்கு நானே ஒரு தடவை தப்பாகப் போயிருக்கிறேன். மாமாவுக்குத் தெரியும், அவரைக் கோபிக்காதே. அங்கே பயம் வராது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவனுக்கும் கடைசியில் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

உன் நம்பிக்கையைப் பிடுங்கத்தான் நான் இங்கே வந்தேன் என்று நீ நினைத்தாய். ஆமாம், அதற்குத்தான் வந்தேன். நீ அந்த நாற்காலியிலேயே செத்துவிடுவாயோ என்று பயந்துதான் வந்தேன்.

காகிதங்கள் முடிய மூன்று வாரமாகும். எஞ்சியதை ஒரு பெட்டியில் வைத்துச் சரக்குக் கப்பலில் அனுப்புகிறோம் என்கிறார்கள். என்ன செய்ய என்று சொல்லுங்கள்.

தங்கை


ஜூன் 4

என் தங்கைக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? காதில் சீழ் வடிந்ததாமே. இப்போது கேட்கிறதா?

பெட்டியைச் சரக்கில் போடாதே. நீயே கூட்டிக்கொண்டு வா.

இன்னொன்று. இதை உன் மாமாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். ஒன்பது மாதமாக யாரிடமும் சொல்லவில்லை.

காணாமல் போனதற்கு முதல் நாள் சாயங்காலம் அவன் எனக்குப் போன் செய்தான். கம்பெனியிலிருந்து இல்லை, அந்தத் தீவிலிருந்து. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். "சித்தியைத் திட்டாதேம்மா, நான்தான் அழுது கெஞ்சி வாங்கினேன்" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் குரல் அப்படியிருந்தது. சின்ன வயதில் ரயிலைப் பார்த்தால் பேசுவானே, அந்தக் குரல். மீன், வெளிச்சம், என்னென்னவோ சொன்னான். பிறகு, "காது கொஞ்சம் வலிக்குதும்மா. நாளைக்குக் கப்பல் பார்க்கப் போறோம். போகட்டுமா, விட்டுடட்டுமா?" என்று கேட்டான்.

நான் சொன்னேன், "அவ்வளவு தூரம் போயிட்டு ஒரு காது வலிக்கா விடுவே? போயிட்டு வந்து எனக்குச் சொல்லு."

மறுநாள் அந்தத் தீவிலிருந்து போன் வந்தபோது நீ என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். "எந்தத் தீவு? என் பிள்ளை கம்பெனிக்கு இல்ல போயிருக்கான்" என்று நான் கத்தினேன். நீ அழுதுகொண்டே "அக்கா, நான்தான்" என்றாய். அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். உன் தலையில் எல்லாவற்றையும் இறக்கி வைத்தால் நான் எழுந்து நிற்கலாம் என்று தோன்றியது. அடுத்த நாள் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த நாள் இன்னும் கஷ்டமாகிவிட்டது. நீ வேலைக்கு விடுப்புப் போட்டுத் தண்ணீரில் இறங்குகிறவரை விட்டேன். காது வலி என்று எழுதியது கை தவறி வந்தது. நீ கேட்டபோதும் சொல்லவில்லை. நீயும் அங்கேயே போய்ச் சேர்ந்திருந்தால், உன்னையும் நான்தான் அனுப்பியிருப்பேன்.

அவன் உயிரோடு இருந்தால் நான் சொன்னது தப்பில்லை என்றாகிவிடும். அதற்காகத்தான் அவனைச் சாகவிடாமல் வைத்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமலும் இரு.

அக்கா


ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

காது கேட்கிறது. இடது காதில் மட்டும் கொஞ்சம் இரைச்சல், போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார்கள். நீ சாப்பிடுகிறாய் என்று மாமா தனியாக எழுதியிருந்தார்.

உன் கடிதத்தை விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து வாசித்தேன். கோபம்தான் வந்தது. இன்னும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஒன்பது மாதம் அக்கா. கண்ணாடி பார்க்கக் கூசின ஒன்பது மாதம். வீட்டுக்கு வந்தபிறகு ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாகச் சண்டை போட வேண்டும். நீயும் தயாராக இரு.

ஆனால் ஒரு விஷயம் அதுவரை காத்திருக்கக்கூடாது. வாத்தியாரம்மாவிடம் போய், யார் என்ன என்று சொல்லாமல் கேட்டேன், காது வலியோடு இறங்கினால் என்ன ஆகும் என்று. "இறங்கவே முடியாது. நாலு மீட்டர்லயே ஊசி குத்துற மாதிரி வலிக்கும், திரும்பிடுவாங்க. அந்தக் கப்பல் வரைக்கும் ஒருத்தன் போனான்னா, அன்னிக்கு அவன் காது நல்லா இருந்துதுன்னு அர்த்தம்" என்றாள். நானும் இறங்கியவள், எனக்கும் தெரியும். அவன் காது சரியாகித்தான் போயிருக்கிறான். நீ வேண்டாமென்று சொல்லியிருந்தாலும், காலையில் வலி இல்லை என்றதும் ஓடியிருப்பான். நீயும் நானும் சேர்ந்து தடுத்திருந்தாலும் ஓடியிருப்பான்.

இதை நம்ப உனக்கு நாளாகும். எனக்கும்தான்.

இந்த வெள்ளி இல்லை, அடுத்த வெள்ளிக்கிழமைப் படகில் கிளம்புகிறேன். ஞாயிறு காலை பதினொரு மணிக்குத் துறைமுகத்தில் இறங்குவேன். அவனை என் இருக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டேன். யாரும் வர வேண்டாம், நானே கொண்டுவந்து சேர்த்துவிடுகிறேன் என்றுதான் முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

வா அக்கா. பெட்டி சின்னதுதான், கனமே இல்லை. ஆனால் இனிமேல் என்னால் ஒருத்தியாகத் தூக்க முடியாது. நீ ஒரு பக்கம் பிடி.

உன் தங்கை